உபதேசியார் முழங்காலிட்ட இடம்

எங்கள் ஊர் ஒரு கிளைக் கிராமம். பங்குக் கோயில் எட்டு மைல் தொலைவு. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. இன்று சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கும் அந்த மானாவாரிச் சீமை அப்போது மதுரையோடு இருந்தது. 1987-இல்தான் தனியாகப் பிரிந்தது. சாமியார் வராத ஞாயிறுகளில் கோயில் பூட்டிக் கிடக்குமா என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். பூட்டிக் கிடந்ததே இல்லை. எங்களுக்கு உபதேசியார் இருந்தார்.

பெரிய படிப்பு படித்தவர் இல்லை. கொஞ்சம் புஞ்சை, இரண்டு மாடுகள். பங்கிலிருந்து மாதாமாதம் ஒரு சிறுதொகை வரும்; அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் அளப்போம். விடியலிலும் உச்சியிலும் பொழுது சாய்கையிலும் திரிகால மணி அடிப்பது அவர் வேலை. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். சாகக் கிடக்கிறவர்களுக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கச் சாமியாரை அழைத்துவர இரவோடு இரவாக நடப்பார். பிறந்த பிள்ளை பிழைக்காது என்று மருத்துவச்சி கைவிரித்தால் ஓடிவந்து தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். ஆபத்து நேரத்தில் அதை யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய சட்டம். என் தம்பி அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றவன். பிழைத்துக்கொண்டான். அடுத்த முறை சாமியார் வந்தபோது விட்டுப்போன சடங்குகளை மட்டும் செய்தார், தண்ணீரை மறுபடி ஊற்றவில்லை. “உபதேசியார் ஊத்துனதே செல்லும்” என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை மூன்று முறை மணி அடிப்பார்கள். முதல் மணிக்குக் குளித்து, இரண்டாம் மணிக்குக் கிளம்பி, மூன்றாம் மணிக்குக் கோயிலுக்குள் இருக்க வேண்டும். ஓட்டுக்கூரை, சிமெண்டுத் தரை. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், நடுவில் நடைவழி. உபதேசியார் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதிக்கு வெளியே, ஆண்கள் பக்கத்து முன்வரிசையில், வெறுந்தரையில் முழங்காலிடுவார். எங்களைப் பார்த்துத் திரும்பி நிற்க மாட்டார். சனங்கள் எந்தத் திசையைப் பார்த்தார்களோ அதே திசையைத்தான் அவரும் பார்த்தார். சிறுவயதில் செபநேரத்தில் நான் கண்டதெல்லாம் அவருடைய முதுகும், தோளிலிருந்து நழுவும் துண்டும், வெடித்த குதிகாலும்தான்.

செபங்களை அவர் பாதி சொல்லுவார், மீதியை நாங்கள் சொல்லுவோம். ‘அருள் நிறைந்த மரியே’ என்ற பிரியதத்த மந்திரத்தின் முன்பாதி அவருக்கு, பின்பாதி சபைக்கு. மாதா பிரார்த்தனையில் பட்டப்பெயர் ஒவ்வொன்றையும் அவர் சொல்ல, மன்றாட்டை நாங்கள் சொல்லி முடிப்போம். அந்த அமைப்பைப் பற்றிப் பிற்காலத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். முன்னால் இருக்கிறவர் தனியாக எதையும் முடித்துவிட முடியாது. சபை வாய் திறக்காவிட்டால் செபம் பாதியில் நிற்கும். என் அப்பத்தாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் செபப் புத்தகம் முழுவதும் மனப்பாடம். உபதேசியார் ஒரு வரியை விட்டுவிட்டால் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் கனைப்பாள். அவர் நிறுத்தி, விட்ட வரியைச் சொல்லிவிட்டுத் தொடருவார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. செபம் ஊருக்குப் பொதுவாக இருந்தது.

சாமியார் வந்த ஞாயிறுகளிலும் அவர் குரல் ஓயவில்லை. எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்தபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். கீழே உபதேசியார் தமிழில் பூசைச் செபங்களை உரக்கச் சொல்ல, நாங்கள் பதில் சொல்லுவோம். எழுந்தேற்றத்துக்கு மணி அடித்ததும் எல்லாச் சத்தமும் அடங்கும். 1960-களின் நடுவில் பூசையே தமிழில் வந்தபோது ஊரில் பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. தமிழில் ஒரே குரலாகப் பதில் சொல்ல எங்களுக்கு யாரும் புதிதாகப் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி முடிவெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பழக்கத்தை உபதேசியார்கள் ஊட்டியிருந்தார்கள்.

எவ்வளவு காலம் முன்பே என்பதை ஓரியூரில்தான் தெரிந்துகொண்டேன். வேதசாட்சி அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டுண்டு இறந்த அந்தச் செம்மண் மேட்டுக்கு ஊரே வண்டி கட்டிப் போகும். இராத்திரி மணலில் உட்கார்ந்து உபதேசியார் கதை சொல்லுவார். எல்லாரும் 1693-ஐப் பேசும்போது அவர் 1686-ஐப் பேசுவார். அந்த வருடமே அருளானந்தரை மறவர் சீமையில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள்; அவரோடு பிடிபட்டு அடி வாங்கியவர்கள் உபதேசியார்கள். “சாமியாருக்குச் சிலை இருக்கு. அவுகளுக்குப் பேருகூடச் சனங்களுக்குத் தெரியாது” என்பார். குறையாகச் சொல்ல மாட்டார். தெரிந்துகொள்ளுங்கள் என்ற மாதிரி சொல்லுவார்.

பின்னால் நானே படித்துச் சேர்த்துக்கொண்டவை உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தவர். எந்த ஊரிலும் தங்க நேரமில்லை. செபங்களைத் தமிழில் எழுதிக்கொடுத்து, ஊருக்கு ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக வைத்து, சனங்களைக் கூட்டிச் செபிக்கச் சொல்லிவிட்டுப் போனார். வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியது இப்படிப்பட்ட உபதேசியார்களுக்காகத்தான். வேதம் போதிப்பவர் என்பதால் அவர்களை வேதியர் என்றார். 1773-இல் இந்தச் சாமியார்கள் சேர்ந்திருந்த சேசு சபையே கலைக்கப்பட்டது. 1830-களின் கடைசியில் சேசு சபையார் மதுரைப் பக்கம் திரும்பி வரும்வரை, எத்தனையோ ஊர்கள் சாமியார் முகத்தை அபூர்வமாகத்தான் பார்த்தன. கடலுக்கு அந்தப் பக்கம் 1658-இல் யாழ்ப்பாணத்தை டச்சுக்காரர்கள் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். 1687-இல் ஜோசப் வாஸ் அடிகள் வேடம் மாறி வந்து இறங்கியபோது, அங்கே விசுவாசத்தை மறைவாகக் காத்து வைத்திருந்த குடும்பங்கள் இருந்தன. பிறகு அவர் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். தமிழ் கத்தோலிக்கரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சாமியார்களின் பட்டியலாக எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலில் இடைவெளி விழுந்த ஆண்டுகளை யார் நிரப்பினார்கள் என்றும் எழுத வேண்டும்.

ஆசிரியப் பயிற்சிக்காக நான் கன்னியர் விடுதியில் தங்கியிருந்தேன். மாலையில் சிஸ்டர்கள் சிற்றாலயத்தில் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று சங்கீதங்கள் சொல்லுவார்கள். ஒரு பக்கம் ஒரு பத்தி, மறுபக்கம் அடுத்த பத்தி. நடுவே அவசரமில்லாத ஒரு சிறு மௌனம். நான் பின்னால் உட்கார்ந்து கேட்பேன். இது சாமியார்களும் கன்னியர்களும் சொல்லுகிற கட்டளைச் செபம், நமக்கு இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு வயதான சிஸ்டர்தான் திருத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் தேதி வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், பொதுநிலையினரும் இதைச் சொல்லுமாறு ஊக்கப்படுத்தியிருக்கிறது என்றார். குருக்களோடு சேர்ந்தோ, தங்களுக்குள் கூடியோ, தனியாகவோ சொல்லலாம். நீ போய் உன் ஊரில் சொல்லு என்றார்.

ஊர் ஆர்.சி. பள்ளியிலேயே எனக்கு வேலை கிடைத்தது. ஆனால் நான் முதன்முதல் சபைக்கு முன்னால் சொன்னது மாலைச் செபம் இல்லை, அடக்கச் செபம்.

ஐப்பசி அடைமழை. ஊரில் ஒரு மூதாட்டி இறந்துபோனாள். உபதேசியார் துக்கமணி அடித்தார். சைக்கிளில் பங்குக்குப் போனவன் நனைந்து திரும்பி வந்து, சாமி ஞான ஒடுக்கத்துக்குப் போயிருக்கிறார், வர மூன்று நாளாகும் என்றான். அவ்வளவு நேரம் உடலை வைத்திருக்க முடியாது. உபதேசியார் இதற்கு முன் எத்தனையோ அடக்கம் நடத்தியவர். ஆனால் அந்த வருடம் கண்புரை முற்றி, இருமலால் தொண்டையும் போயிருந்தது. கூடத்தில் என்னைக் கூப்பிட்டுப் புத்தகத்தை நீட்டினார். “தாயி, நீ வாசி. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

இறந்தவளின் மூத்த மகன் வாசலில் நின்றிருந்தார். எனக்கு மாமா முறை. “பொம்பளப் புள்ளையா அடக்கச் செபம் சொல்றது?” என்றார். கோபத்தில் கேட்கவில்லை, துக்கத்தில், தன் தாய்க்கு ஏதோ குறை வைக்கிறோமோ என்ற பயத்தில் கேட்டார்.

உபதேசியார் அவர் தோளைத் தொட்டார். “உனக்குப் பிரியதத்த மந்திரம் யாருப்பா சொல்லிக்குடுத்தது?”

“ஆத்தாதான்.”

“அவளும் பொம்பளதானப்பா.”

மாமா வேறெதுவும் சொல்லவில்லை. சிலுவைக் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கல்லறைத் தோட்டம் வரை சேற்றில் நடந்தோம். நான் பாதி சொல்ல ஊர் பாதி சொன்னது. குழியருகில் 130-ஆம் சங்கீதம் வாசித்தேன். பழைய புத்தகங்களில் அது 129. ஆழத்திலிருந்து கூப்பிடும் மனிதனின் செபம் அது. தண்ணீர் ஊறிக்கொண்டிருந்த குழியைப் பார்த்தபடி அதை வாசிக்கக் குரல் நடுங்கியது. தீர்த்தம் தெளித்து, கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லி, மாமா முதல் மண்ணைப் போட்டார். வழிபாட்டைப் பற்றி நான் கற்றவற்றில் பெரும்பகுதியை அந்த ஒரு நாளில் கற்றேன். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொந்தச் சொற்கள் அகப்படுவதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லித் தேய்ந்த சொற்களை யாராவது ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிடித்துக்கொள்ள அது போதும்.

மறுவாரம் சாமியார் வந்தார். ஆன்மாவுக்காகப் பூசை வைத்தார், கல்லறையை மந்திரித்தார். யார் செபம் சொன்னது என்று கேட்டார். சொன்னார்கள். என்னைப் பார்த்து, “சங்கீதம் வாசிச்சீங்களா?” என்றார்.

“வாசிச்சேன் சாமி.”

“நல்லது. அடுத்த தடவை சக்கரியாசின் பாட்டையும் சேர்த்துக்குங்க. கல்லறையில பாடுறது பழைய வழக்கம்.” அவ்வளவுதான். 1969-இல் வந்த அடக்கச் சடங்கு ஏட்டின்படியே, தேவைப்படும் இடத்தில் ஆயர் பேரவை உரோமையின் அனுமதியோடு பொதுநிலையினரை நியமிக்கலாம் என்று பிறகு தெரிந்தது. சட்டம் தெரியாமலே உபதேசியார்கள் அதைக் காலங்காலமாகச் செய்துவந்தார்கள்.

சிஸ்டர் சொல்லச் சொன்ன மாலைச் செபம், சனிக்கிழமை மாலைப்புகழாக, அதற்குப் பிறகு தொடங்கியது. கட்டளைச் செபத்துக்கான திருப்புகழ்மாலைப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான்கு வாரச் சுழற்சியில் வரும் சங்கீதங்களைப் பள்ளியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பிரதியெடுத்தோம். இரண்டு அணியாகப் பிரிந்து சொல்ல வேண்டும் என்றபோது அதை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். விளக்க வேண்டியிருக்கவே இல்லை. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள்: இரண்டு அணியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. பெண்கள் ஒரு பத்தி சொன்னார்கள், ஆண்கள் அடுத்ததைச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் இரண்டு மூன்று சுற்றில் கேட்டே பிடித்துக்கொண்டார்கள். முதல் வாரச் சனிக்கிழமைக்குரியது 141-ஆம் சங்கீதம். தூபத்தையும் மாலைப் பலியையும் பற்றிப் பேசுவது. அப்பத்தா வீட்டிலிருந்து சாம்பிராணிக் கரண்டியைக் கொண்டுவந்து கிராதிக்கு அருகில் வைத்துவிட்டாள். யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. மரியாளின் பாட்டு வரும்போது எல்லாரும் எழுந்து நிற்போம். வலியவர்களைக் கீழே இறக்குகிற அந்தப் பாட்டை, பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் பாடியதுபோல வேறெங்கும் நான் கேட்டதில்லை.

குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கான உரோமையின் வழிகாட்டி ஏடு 1988 ஜூன் 2-ஆம் தேதி வெளிவந்தது. சில காலம் கழித்து, உபதேசியார்களுக்கும் ஆசிரியர்களுக்குமான ஒரு கூட்டத்தில் அதை வாசித்து விளக்கினார்கள். வழிநடத்தும் பொதுநிலையினர் குருவின் நாற்காலியில் உட்காரக் கூடாது. பலிபீடத்தைத் தன் இடமாக்கிக்கொள்ளக் கூடாது. நற்கருணை கொடுப்பதாக இருந்தால் அதை வைக்க மட்டும் பீடம். குரு சபையை வாழ்த்துவதுபோல வாழ்த்தக் கூடாது. முடிவில் கையுயர்த்தி மக்களுக்கு ஆசி வழங்கக் கூடாது. தன்னையும் சேர்த்துக்கொண்டு எல்லாருக்குமாக ஆசி கேட்டு, தன்மேல் சிலுவை வரைந்துகொள்ள வேண்டும். மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. குரு எழுதிக் கொடுத்தால் வாசிக்கலாம். திருப்புகழ்மாலையின் பொதுப் படிப்பினையிலும் இதே போக்குதான்: குருவோ திருத்தொண்டரோ இல்லாதபோது தலைமை ஏற்கிறவர், சமமானவர்களுக்குள் ஒருவர்.

கூட்டத்தில் சிலருக்கு முகம் வாடியது. இத்தனை ‘கூடாது’ எதற்கு, நம்மைக் கீழே வைக்கிறார்களே என்று ஒரு இளைஞர் எழுந்து கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிராதிக்கு வெளியே, தரையில், சபை பார்க்கும் திசையையே பார்த்து முழங்காலிட்ட எங்கள் உபதேசியாரை அந்த ஏடு வரி வரியாக வருணிப்பதாகத் தோன்றியது. காலியாக இருக்கும் நாற்காலி, சாமியார் இன்னும் வரவில்லை என்பதையும் பூசைக்கான பசி தீரவில்லை என்பதையும் சபைக்கு நினைவூட்டுகிறது. நாங்கள் ஒருநாளும் எங்கள் செபத்தைப் பூசைக்கு ஈடாக வைத்ததில்லை. அதற்காக அதை மட்டமாகவும் நினைத்ததில்லை. தாழ்வான இடத்திலிருந்து வழிநடத்துவது தனித் திறமை. குருவைப் போல நடித்துக்காட்டுகிறவருக்கு அது வராது.

என் பார்வையில் கெடுதல் வேறு இடத்திலிருந்து வந்தது. சாலை போட்டார்கள், சாமியார்களிடம் மோட்டார் சைக்கிள் வந்தது, கிளைக் கிராமங்களுக்கும் வாராவாரம் பூசை கிடைத்தது. பூசை கிடைத்தது ஆசீர்வாதம். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் வாராவாரம் சாமியார் வருகிறாரே, இனி உபதேசியார் எதற்கு என்ற கேள்வி கூடவே வந்தது. எங்கள் உபதேசியார் 1990-களில் இறந்தபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மணி அடிக்கக் கூலிக்கு ஒருவர் வந்தார். பிறகு மணியும் மின்சாரத்தில் அடித்தது. அன்பியங்கள் என்ற அக்கம்பக்கக் குழுக்கள் வந்தபோது தெருவுக்குத் தெரு பெண்கள் கூடி வாசகம் வாசித்து மன்றாட்டுச் சொன்னது நல்ல காலம். ஆனால் தொடர்ந்து பயிற்சி தராத இடங்களில் அது மாதக் கூட்டமாகச் சுருங்கி, வரவுசெலவு பேசிக் கலைந்தது. சனிக்கிழமை மாலைப்புகழுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். நான் ஓய்வுபெற்று மகன் வீட்டுக்கு வந்தபின் நின்றேபோனது.

2020-இல் கொரோனா ஊரடங்கில் கோயில்கள் அடைபட்டன. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, 12 உயிர்ப்பு ஞாயிறு. எங்கள் தெருவில் பல வீடுகளில் தொலைக்காட்சியைப் போட்டு, அதற்கு முன்னால் முழங்காலிட்டார்கள். குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அதுவும் ஆறுதல். ஆனால் மின்சாரம் போனதும் செபம் நின்றதைப் பார்த்தேன். பட்டப்படிப்புப் படித்த பிள்ளைகள் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் பெரியவர்களைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் சிலுவைப் பாதையை நான் தொடங்கினேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ பதில் சொன்னார்கள். பதில் சொன்னவர்களுக்கும் என் வயதுதான்.

2021-இல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளுக்குப் பெண்களையும் நியமிக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தை மாற்றினார். மே 10-ஆம் தேதி உபதேசியார் பணியை ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிய நிலையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். ஓரியூர் மணலில் உபதேசியார் சொன்ன பேரில்லாத மனிதர்களை அன்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஏட்டில் இடம் கிடைப்பது ஊரில் இடம் கிடைப்பதாகிவிடாது.

ஆகவே பங்குச் சாமியார்களிடம் நான் கேட்பது இதுதான். கிளைக் கிராமத்துக்கு நீங்கள் வாராவாரம் போனாலும், அங்கே ஒருவரையாவது செபத்தை வழிநடத்தத் தயார் செய்யுங்கள். பெண்ணாக இருந்தால் தயங்காதீர்கள். அவர் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம் கொடுங்கள். அடக்கச் செபத்தையும் சங்கீதங்களையும் இளைஞர்கள் கையில் புத்தகமாகக் கொடுங்கள்.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டை நடத்த ஆயரின் அனுமதியும் பங்குச் சாமியாரின் நியமனமும் வேண்டும். மாலைப்புகழுக்கு அது வேண்டியதில்லை. வரும் சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், வீட்டில் இருக்கிறவர்களையும் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு இரண்டு பக்கமாக உட்காருங்கள். முதல் பத்தியை நீங்கள் சொல்லுங்கள், அடுத்ததை அவர்கள் சொல்லட்டும். இதற்கு யாரிடமும் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம்; 1963-லேயே கொடுத்துவிட்டார்கள்.